பிரேக் எடுத்த பெட்டி

உடம்பின் காவல்படைக்குப் போட்டிருக்கும் பிரேக்கை
இந்த ஊசி எடுத்துவிடும்,
அப்புறம் அது புற்றைத் தேடிப்போய்த் தின்னும் என்று
கோச்சா விளக்கியபோது
அம்ப்ரோசி சிரிக்கவில்லை.
சியாத்துராவில், மாங்கனீசு மலைகளுக்கு நடுவே
முப்பத்தெட்டு வருடம்
கம்பியில் போகும் பெட்டிகளுக்குப் பிரேக் பார்த்தவர்.
"பிரேக் இல்லாத பெட்டி எங்கே போய் நிற்கும்
தெரியுமா டாக்டர்?
நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்."
பிறகு கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடி
கோச்சாவின் சட்டைப்பையில் அவரே செருகினார்.

ஐந்தாவது ஊசிக்குள் கட்டி பாதியானது.
அதே வாரம் காய்ச்சல்.

குத்தாய்சி, மூன்றாம் மாடி, பிப்ரவரி.
ஸ்கேனில், வலது நுரையீரலின் உச்சியில்
ரியோனி ஆற்றுப் பனி போல ஒரு வெண்மை.
"மருந்தின் வேலை" என்றான் கோச்சா.
"வேலி பயிரை மேய்கிறது. ஸ்டீராய்டு கொடு. இப்போதே."
கிருமியாக இருந்தால்?
வேலியை மயக்கிப் படுக்கவைத்துவிட்டு
மாட்டுக்குக் கதவு திறந்த கதை.
மருந்தின் வேலையாகவே இருந்து, நான் காத்திருந்தால்?

பழுதை என்று மிதிக்கவும் முடியாது
பாம்பு என்று தாண்டவும் முடியாது
எனக்கு வாய்த்த வெண்மை.

லமாராவை எழுதாமல் இதை எழுத முடியாது.
செஸ்தபோனிக்காரர். பள்ளிச் சமையற்காரர்.
இரண்டு வருடம் முன்பு, இதே கட்டில்.
மூன்று நாள் நான் கிருமி முளைக்கக் காத்திருந்தேன்.
ஒன்றும் முளைக்கவில்லை.
மருந்துதான்.
நான்காம் நாள் ஸ்டீராய்டு ஏறும்போது
மூச்சு இயந்திரமும் கூடவே ஏறியது.
மகள் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அம்ப்ரோசியின் படிவத்தில்
முன்பு காசநோய்: இல்லை.
நேராகவே கேட்டேன்.
இல்லை என்றார்.
சின்ன வயதில் எங்காவது
நெடுநாள் படுத்திருந்தீர்களா?
மேற்கூரையைப் பார்த்தார்.
"ஒன்பது வயதில். அபாஸ்துமானி. ஒரு குளிர்காலம் முழுக்க.
ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கவைப்பார்கள்.
பைன் மரங்கள். தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய்.
அம்மா யாரிடமும் சொல்லாதே என்றாள்.
சொல்லவில்லை."

அறுபத்தோரு வருடம்
அவரோடு அவர் நுரையீரலும் சொல்லாமல் இருந்திருக்கிறது,
சின்னஞ்சிறு சுவரெழுப்பி
உள்ளே ஒரு கைதியை வைத்துக்கொண்டு.
பிரேக் போன காவலர்கள்
புற்றையும் அடித்தார்கள்
சிறையையும் உடைத்தார்கள்.
அப்படித்தான் நினைத்தேன்.
நினைப்பது பரிசோதனை முடிவு ஆகாது.

இரவு பதினொன்றரைக்குக் குழாய் இறக்கி
நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை
லாம்சிராவிடம் கொடுத்தோம்.
தூக்க உடைக்கு மேல் கோட்டு மாட்டி வந்திருந்தாள்.
இயந்திரத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.
ஸ்டீராய்டு, தட்டில், உடைக்காமல்.
கோச்சாவோடு பேசி வைத்த எண்: எண்பத்தெட்டு.
ஆக்சிஜன் அங்கே இறங்கினால்
எதையும் பாராமல் கொடுத்துவிடுவது.

தொண்ணூற்றொன்று.
தொண்ணூறு.
எண்பத்தொன்பதில் வெகுநேரம் நின்றது.
அவர் விரலில் மாட்டிய கிளிப்பை
அவரே சரிபார்த்துக்கொண்டிருந்தார்,
பிடிமானம் தளர்வாக இருக்கிறதென்று.

போன் வந்தபோது
லாம்சிராவின் வாயில் சூரியகாந்தி விதை.
"இருக்கு" என்றாள். "மருந்துக்கு மசிகிற ரகம்."

நான்கு மாத்திரைகள், தனி அறை, முகக்கவசம்.
சிறுநீர் துருப்பிடித்த கம்பியை அலசிய தண்ணீராம்,
வந்து பார் என்றார், கொஞ்சம் பெருமையோடு.
சியாத்துரா வீட்டில் எல்லாருக்கும் சோதனை.
பேத்திக்கு மட்டும் காரணம் சொல்லவேண்டாம் என்றார்.
சொன்னோம்.

கோச்சா காப்பி வாங்கித் தந்தான்.
"அடுத்தமுறை நான் சொன்னது சரியாக இருக்கும்" என்றான்.
கேலி இல்லை. எனக்கும் தெரியும்.

கட்டி இப்போது சும்மா இருக்கிறது.
எத்தனை வாரம் இருக்கும்?
"மறுபடி எப்போது பிரேக் எடுப்பீர்கள்?"
மார்ச் முதல் தேதி கேட்டார்.
பாதரச வெப்பமானியை உதறி
அவர் அக்குளில் வைத்தேன்.
அது ஏறுகிறதா என்று
இருவரும் பார்க்காத மாதிரி
பார்த்துக்கொண்டிருந்தோம்.